அறுபத்து நாலாம் நம்பர்

மூன்று பெரிய கல்லூரிகள் அன்று காலையில் ஹார்லன் டிட்வெல்லைக் கூப்பிட்டன. கேட்ட சம்பளம் தருகிறோம், வந்து எங்கள் கால்பந்து அணியை நடத்துங்கள் என்றன. ஒரே பட்டனை மூன்று முறை அழுத்தி, மூன்றையும் வேண்டாம் என்று அனுப்பிவைத்தார் ஹார்லன்.

டிவித் திரையில் கோல்டர் கல்லூரியின் அடுத்த சீசன் தொடங்கியது. கையிலிருந்த கன்ட்ரோலரை மடியில் சரித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார்.

ஹெல்மெட் போட்டு மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேம் அது. அதில் கோல்டரை யாரும் எடுக்க மாட்டார்கள். அலபாமாவின் வடக்கு மூலையில் இருக்கும் சின்னக் கல்லூரி. பட்டியலில் கடைசி இடம். ஹார்லன் அதைத்தான் எடுத்தார். பெரிய கல்லூரிகள் கழித்துவிட்ட பையன்களாகப் பார்த்துச் சேர்த்தார். அவசரப்பட்டு இறக்காமல் உட்காரவைத்து வளர்த்தார். மூன்றாவது சீசனில் ஜெயிக்க ஆரம்பித்த அணி, இப்போது கோப்பைக்கு மேல் கோப்பையாக வாங்கிக்கொண்டிருந்தது.

திரையில் குட்டி மனிதர்கள் கோப்பையைத் தூக்கிக் குதிப்பார்கள், வண்ணக் காகிதம் பறக்கும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி அதைப் பார்த்திருந்துவிட்டு, பட்டனைத் தட்டி அடுத்த சீசனுக்குப் போவார். ஆரவாரம் கேட்காது. டிவியில் சத்தத்தை அவர் எப்போதோ அணைத்துவிட்டிருந்தார்.

அணியில் ஒருவன் மட்டும் அவரே உருவாக்கியவன். அறுபத்து நாலாம் நம்பர், கோல்பி. அதே செம்பட்டை முடி, அதே அகலத் தோள். நிஜக் கோல்பி இந்த இலையுதிர் காலத்தில் கோல்டரில் சேர்ந்திருக்க வேண்டியவன். போன ஆகஸ்ட்டில், பள்ளி மைதானத்தில் பயிற்சி ஓட்டத்தின்போது வெயிலில் சுருண்டு விழுந்தான். பதினேழு வயது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

ஹார்லன் அதற்கப்புறம் பள்ளி வேலைக்குப் போகவில்லை. சர்ச்சுக்கும் போகவில்லை. சாவு விழுந்த வீட்டுக்குப் பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு கொண்டுபோகிற ஊர் அது. டிட்வெல் வீட்டு வாசலில் ஒரு பாத்திரமும் வந்து இறங்கவில்லை. சூப்பர் மார்க்கெட்டில் அவருடைய மனைவி நொரீனைப் பார்த்தால், தெரிந்தவர்களே அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிடுவார்கள்.

போன வாரம் நொரீனின் தம்பி டப் வந்திருந்தான். தீவனக் கடையில் வேலை பார்ப்பவன், வாய் சும்மா இருக்காது. கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்தவன், இவ்வளவு பாயின்ட் முன்னால் இருக்கிறீர்களே, அந்த அறுபத்து நாலை ஒரு தடவையாவது இறக்கினால் என்ன, பெஞ்சைத் தேய்க்கவா அவனைச் சேர்த்தீர்கள் என்று கிண்டலாகக் கேட்டான்.

"வெயில் ஜாஸ்தியா இருக்கு," என்றார் ஹார்லன், திரையைப் பார்த்தபடி.

டப் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நொரீன் அடுப்படிக்குள் போய் சும்மா குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

அவளுக்குத் தெரியும். கோல்பி ஒரு ஆட்டத்தில்கூட இறங்கியதில்லை. கேமில் நாலு வருடம் முடிந்து அவன் கல்லூரியை விட்டுப் போனதும், ஹார்லன் அவனைத் திரும்பவும் உருவாக்கி முதல் வருடத்தில் சேர்த்துவிடுவார். மறுபடியும் பெஞ்சில் உட்காரவைப்பார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நொரீன் சர்ச்சிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது வெளியே ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தவள் கதவைத் திறந்தாள். ஒதுங்கி வழிவிட்டாள்.

உயரமான மனிதர், சர்ச்சுக்குப் போட்ட சட்டை, வெயிலில் கறுத்த கழுத்து. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். ஹார்லன் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க. டப் கடையில சொன்னான். பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார் வந்தவர். சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

ஹார்லனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தார். ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நொரீன் இரண்டு டம்ளர் ஐஸ் டீ கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை. கோல்டர் ஒரு டச்டவுன் எடுத்தது, இன்னொன்றும் எடுத்தது. கேமரா மைதானத்தின் ஓரத்துக்குத் திரும்பி, பெஞ்சில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பையனைக் காட்டியது.

வந்தவர் முன்னால் குனிந்தார். "இவன்தானா?"

ஹார்லன் தலையசைத்தார்.

"முடி சரியா வந்திருக்கு," என்றார் வந்தவர். இவன் இதுவரை எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறான் என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல."

"ஏன்?"

ஹார்லனின் கட்டை விரல் பட்டன்மேல் அப்படியே நின்றது. ஒரு வருடமாக அசைவில்லாமல் இருந்த முகம் மெல்லக் கோணத் தொடங்கியது.

வந்தவர் கை நீட்டி, கன்ட்ரோலரைப் பிடித்திருந்த அந்தக் கையின் மேல் வைத்தார்.

"அவன உள்ள எறக்குங்க, கோச். அவனப் பெத்தவன் நான் சொல்றேன்."