அண்ணனுக்குப் போட்ட இலை

சயாம் ரயில்பாதை வேலையில் இரண்டு கால்களையும் இழந்த இருளப்பன், பதினான்கு வருடம் கழித்துத் தங்கை அஞ்சலையைப் பார்க்க மலாக்காவுக்கு வந்தான். இந்தக் கோலத்தில் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற தயக்கத்திலேயே அத்தனை வருடமும் ஓடிவிட்டது. மலாயாவின் சுதந்திரத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது; அவள் குடியிருந்த காஜா பெராங் தெருக் கடைகளில் அப்போதே கொடி கட்டியிருந்தார்கள்.

பஸ் நிலையத்திலிருந்து சக்கர நாற்காலியைத் தானே உருட்டி வந்தான். சீனக் கடைக்காரர் ஒருவர் சாக்கடைமேல் பலகை போட்டு, வாசல்வரை தள்ளிவிட்டுப் போனார்.

கதவு திறந்தே இருந்தது. அவனைப் பார்த்ததும் அஞ்சலையின் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது.

"அண்ணே... வந்துட்டியா?"

"வந்துட்டேம்மா."

கால்களைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. முக்காலியில் இலை விரித்து, உளுந்து வடை, வாழைக்காய்ப் பொரியல், குலா மலாக்கா என்னும் தென்னைவெல்லப் பாகு ஊற்றிய செண்டோல் இனிப்பு என்று அவனுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"நான் வர்றது உனக்கு எப்படித் தெரியும்?"

"வருசா வருசம் இதே நாள்ல உனக்கு ஆக்கி வச்சிட்டுத்தானே இருக்கேன்."

அவனுக்குக் கண் கலங்கியது. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, அவள் தலையைத் தடவக் கையை நீட்டினான். அஞ்சலை சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"தொடாதண்ணே! படையலச் சாப்பிட்டேல்ல, திரும்பிப் போயிடு. நீ சயாம்லயே செத்துட்டேன்னு அப்பவே வந்து சொன்னாங்க. பாதி நம்பிக்கையோடதான் ஆடி அமாவாசைக்கு இலை போட்டுக்கிட்டிருந்தேன். இன்னிக்கு நீ காலே இல்லாம வந்து நிக்கவும்தான் முழுசா நம்புறேன்."