மூன்று சுழி

கணினி பழுது பார்ப்பது என் தொழில். முக்கால்வாசிப் பேய்களுக்கு வயரைப் பிடுங்கினாலே போதும்.

அக்கா போன் செய்தாள். ஒரு வாரமாக அவள் கணினி தானாகவே எழுதுகிறதாம்.

"ஏதாவது கீ சிக்கியிருக்கும்க்கா."

"இல்லடா, அது உங்க அத்தான்தான். 'கன்னு'ன்னு கூப்பிடுறார். 'கண்ணு'க்கு ரெண்டு சுழி போடுறது வேற யாரு?"

அத்தான் இறந்து மூன்று மாதமாகிறது. கடைசிவரை அவருக்கு அந்த மூன்று சுழி வந்ததே இல்லை.

"முதல்ல கீபோர்டு வயரைப் பிடுங்கு."

பிடுங்கினாள்.

"நின்னுச்சா?"

"இல்ல. இப்ப 'கண்ணு'ன்னு வருது. மூணு சுழி."

அக்காவின் குரல் இறங்கியது.

"தம்பி, அப்ப ஒரு வாரமா வீட்டு விஷயமெல்லாம் நான் யார்கிட்டடா சொல்லிட்டிருந்தேன்?"