ஒயரில் மாட்டியிருந்த கிளிப்

கதவைத் திறந்த பெண்ணின் கன்னத்தில் பாய் அச்சு இருந்தது.

சார்லஸ் அதைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி பையை இறக்கி வைத்தான். இதோடு மூன்றாவது தடவை. கந்தர்வக்கோட்டையிலிருந்து முந்திரித் தோப்புக்குள் புகுந்து, இந்த ஒற்றை வீட்டுக்கு. புகார் கொடுப்பது இவள் புருஷன் வெற்றிசெல்வன். அவன் சிங்கப்பூரில் இருக்கிறான். இங்கே நெட் போனதும் அங்கேயிருந்து புகார் பதிவாகிவிடும்.

மோடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

போன இரண்டு தடவையும் இவன் வண்டிச் சத்தம் வாசலுக்கு வருவதற்குள் அது பச்சைக்கு மாறியிருந்தது. ஒன்றும் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பினான். இன்றைக்குத் தோப்பு முனையிலேயே வண்டி பஞ்சர். நடந்துதான் வந்தான்.

பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தது ரொம்பக் கொஞ்சம். மோடம் என்றால், வெளியிலிருந்து வருவதை வீட்டில் இருக்கிற போனுக்கும் டிவிக்கும் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற பெட்டி. இந்த மெல்லிய ஒயருக்குள் ஓடுவது கரண்டு இல்லை, வெளிச்சம். வெளிச்சம் வந்து சேராவிட்டால் சிவப்பு எரியும். அறுந்தாலும் சிவப்பு, அளவுக்கு மீறி மடங்கினாலும் சிவப்பு. மடங்கிய இடத்தில் வெளிச்சம் வெளியே சிந்திப் போய்விடும்.

ஒயரைப் பிடித்துக்கொண்டே சுவரோரமாகப் போனான். அரிசி டிரம்முக்குப் பின்னால் விரலில் தட்டுப்பட்டது.

ஒயரை இரண்டாக மடித்து, தலைக்குக் குத்துகிற கிளிப் ஒன்றை மாட்டியிருந்தது.

கை வைப்பதற்கு முன்னால் ஒரு படம், சரி செய்த பிறகு ஒரு படம். அதுதான் வேலைப் பழக்கம். ஆபீசுக்கு ஒன்று, புகார் கொடுத்தவருக்கு ஒன்று என்று ஆப்பிலிருந்து தானாகப் போகும். டார்ச் அடித்துப் படம் எடுத்து அனுப்பினான். தோப்புக்குள் டவர் கிடைக்காது. சிக்னல் வந்ததும் அனுப்பப்படும் என்று காட்டியது. போனைச் சட்டைப்பையில் போட்டான்.

நிமிர்ந்தபோதுதான் அந்தப் பெண்ணைச் சரியாகப் பார்த்தான். தலையில் ஒரு பக்கம் மட்டும் கிளிப். நீலப்பூ வைத்தது. ஒயரில் இருந்ததும் அதே நீலப்பூ.

மேலே மூலையில் கேமரா. கூடமும் அடுப்படியும் அதில் விழும். இப்போது குருடாக நின்றது.

அந்தப் பெண் இலக்கியா எதையும் மறைக்கவில்லை. டிரம்மை நகர்த்திக் கூட்டியபோது ஒருநாள் ஒயர் தானாக மடங்கிக்கொண்டதாம். அன்றைக்கு மத்தியானம் முழுக்கக் கேமரா பேசவில்லை. அதிலிருந்து கற்றுக்கொண்டாள். கேமரா பேசுமா என்று கேட்டான். பேசும். உட்கார்ந்தால் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கும். அறைக்குள் போனால் ஆளைக் காணோமே என்று கூப்பிடும். புருஷன் வேலை பார்க்கிற இடத்திலும் இப்படித்தானாம், தலைக்கு மேல் கேமராவாம். அதில் என்ன தப்பு என்பானாம்.

“மத்தியானம் செத்த நேரம் காலை நீட்டிப் படுத்துக்கலாம்னுதாண்ணே. வேற ஒண்ணுமில்ல.”

வேற ஒண்ணுமில்ல என்பதை மறுபடியும் சொன்னாள்.

சார்லஸ் இந்த வேலைக்கு வருமுன் கம்பம் நடக் குழி வெட்டினான். சரளைப் பூமி. கடப்பாரை விழுந்தால் பொறி பறக்கும். இன்றைக்கும் புகாரை முடிக்காமல் வந்தால் பழையபடி குழிக்கே போ என்று காண்ட்ராக்டர் காலையில் சொல்லியிருந்தார். குழி வெட்டினவனுக்கு மத்தியானத் தூக்கம் தெரியும். மேஸ்திரி போன் பேச அங்கிட்டுப் போன நேரத்தில், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, வேப்பமரத்தடியில் திருடுகிற தூக்கம்.

கிளிப்பைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். எலி என்று சொல்லிவிடுகிறேன் என்றான். அப்புறம் அவள் கேட்காமலே, மோடத்தின் பின்னால் ஒயர் சொருகியிருக்கிற இடத்தைக் காட்டினான்.

“இனிமே மடிக்காத தங்கச்சி. இதை நகக்கண் அளவு வெளிய இழுத்து விடு. எவன் வந்து பாத்தாலும் ஆடிக் கழண்டதுன்னுதான் நெனப்பான்.”

அவள் சிரித்தாள். கிளிப்பைத் தலையில் குத்திக்கொண்டாள்.

ஒயரை நீவி நேராக்கினான். சிவப்பு அணைந்தது. பச்சை கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டு நின்று எரிந்தது.

மூலையில் கேமரா கழுத்தை ஒருமுறை சுற்றி, அவன்மேல் வந்து நின்றது.

“என்னண்ணே ஃபால்ட்டு?”

சிங்கப்பூர்க் குரல், பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி. மரியாதையான குரல்தான்.

“எலி சார். டிரம்முக்குப் பின்னாடி கொதறி வச்சிருக்கு.”

எலியா என்று சிரித்தான் வெற்றிசெல்வன். வீட்டில் சும்மா இருக்கிறவளுக்கு எலிகூடவா கண்ணில் படாது என்றான். மருந்து வாங்கி வைக்கச் சொன்னான். வெயிலில் வந்த அண்ணனுக்கு ஒரு காபி போட்டுக் கொடு என்றும் சொன்னான்.

இலக்கியா பாலை அடுப்பில் வைத்தாள். ஏறியே இருந்த தோள் இப்போதுதான் இறங்கியது.

சார்லஸின் சட்டைப்பையில் போன் டிங் என்றது.

போன தடவை ஸ்பீடு பார்ப்பதற்காக இந்த வீட்டு வைஃபையைப் போனில் போட்டிருந்தான். நெட் வந்ததும் போன் தானாக அதில் ஒட்டிக்கொண்டது. எடுத்துப் பார்த்தான்.

படம் அனுப்பப்பட்டது.

கேமராவுக்குள்ளிருந்தும் ஒரு டிங் கேட்டது. சிரிப்பு நின்றது.

கேமரா அவனை விட்டு மெதுவாகத் திரும்பியது. கூடத்தைக் கடந்து, அடுப்படிக்குப் போய், அவள் தலையில் இருந்த நீலப்பூவில் நின்றது.

அவள் திரும்பவில்லை. பால் பொங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சீனி தூக்கலாப் போடவாண்ணே?” என்றாள்.