இடது கை

“கூட யாரும் வரலியாய்யா?” என்று கேட்டார் டாக்டர் அன்புக்கரசி.

“அமாவாசைங்களே. கடைய விட்டு யாரு நகர முடியும்?” என்றேன்.

கடையைப் பூட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

பல்லைப் பிடுங்கியே ஆகவேண்டும். மரப்பு ஊசி எனக்கு ஒத்துக்கொள்ளாது. போன முறை போட்டபோது மூச்சு அடைத்துவிட்டது. விழுப்புரத்துக்குப் போனால் முழு மயக்கம் கொடுப்பார்கள். அதற்குக் கூட ஓர் ஆள் வேண்டும்.

“அப்ப ஹிப்னாடிசம்தான். பயப்படாதீங்க, சேவல் மாதிரி கூவல்லாம் வெக்க மாட்டேன்.”

நர்ஸ் மஞ்சு சிரித்தாள்.

கண்ணை மூடி மூச்சைக் கவனித்தேன். கீழே மேல்மலையனூர் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற குரல் மெல்லத் தள்ளிப்போனது.

“உங்க இடது கை ஐஸ் மேல இருக்குது. சில்லுனு ஏறுது. மரத்துப்போனதும் அந்தக் கையால கன்னத்தத் தொடுங்க, கன்னமும் மரத்துடும். அப்புறம் கைய திரும்ப ஐஸ் மேலயே வெச்சுக்குங்க.”

நேரமே பிடிக்கவில்லை. விரல்நுனி, உள்ளங்கை, மணிக்கட்டு. கை என்னுடையதாகவே இல்லை.

கன்னத்தைத் தொட்டேன். திரும்ப வைத்தேன்.

வாய்க்குள் குறடு நுழைந்தது தெரிந்தது. ஏதோ முறிகிற சத்தம், பக்கத்து வீட்டில் கேட்பது போல.

“வந்துடுச்சுய்யா!”

“பழகினவங்களுக்கே இவ்ளோ சீக்கிரம் மரக்காது டாக்டர். இன்னா ஐஸ நெனச்சாரோ!” என்றாள் மஞ்சு.

“இப்ப ஐஸ்லருந்து கைய எடுங்கய்யா. சூடு வரட்டும்.”

நான் எடுக்கவில்லை.

“போதும்யா. கைய எடுங்க.”

அன்றும் இதையேதான் சொன்னார்கள்.

துபாயிலிருந்து மகள் வந்துவிட்டாள். தெருவில் வண்டி தயாராக நின்றது. அவள் வருகிறவரை என் மனைவி ரஞ்சனியைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியைத் திறக்கவேண்டும். அதன் கண்ணாடி மூடியில், அவள் முகத்துக்கு நேராக, காலையிலிருந்து என் இடது கை இருந்தது.

மஞ்சுதான் நாற்காலியின் கைப்பிடியிலிருந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

அப்போதுதான் வலித்தது.