ஓடெத் சிரிக்கிறாள்

பிரசவ அறை ஜன்னலில் கனடாவின் மாங்டன் நகரத்துப் பனி வெயிலில் மினுங்குகிறது. ஓடெத்தின் ரத்தம் எளிதில் உறையாது. முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கசியும் என்று மருத்துவர் மறுத்துவிட்டார்; வலிக்குச் சிரிப்பூட்டும் வாயு வரும் முகமூடி மட்டும்தான். வலி எழும்போது முகமூடியை அழுத்திப் பிடித்து வாயுவை உள்ளிழுக்கிறாள். இறங்கியதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. "ரெயால், உன் மீசை சிங்கி இறால் மீசையேதான்!" மீன்பிடிக்கும் கணவன் அவள் கையை விடவில்லை. "திட்டு, நல்லாத் திட்டு. மூச்சு இழுக்கிறத மட்டும் நிறுத்திடாத." கடைசியாக ஒரு நீண்ட முக்கல்; மகள் வீறிடுகிறாள். நர்ஸ் மிரேய் ஓடெத்தின் அடிவயிற்றை அழுத்தி, அடியில் விரித்த துணியில் ரத்தம் பரவுகிறதா என்று பார்க்கிறாள். பிறகு நிமிர்ந்து சொல்கிறாள்: "ரத்தம் நின்னுடுச்சும்மா!" ரெயால் அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்புகிறான். அப்பனும் மகளும் சேர்ந்து அழ, ஓடெத் மட்டும் வாயு இல்லாமலே சிரிக்கிறாள்.