கம்பத்தில் பட்ட பந்து

அந்தக் கால்பந்துக் கழகம் வெறும் பொட்டலில் ஆடத் தொடங்கிய நாளிலிருந்தே அங்கே ஓர் ஆள்காட்டிக் குருவி குடியிருந்தது. கழகம் வளர வளர மைதானமும் வளர்ந்தது. முதலில் சுற்றிக் கயிறு கட்டினார்கள், பிறகு சுவர் எழுப்பினார்கள், ஒரு பக்கம் தகரக் கூரை போட்டு கேலரியும் கட்டினார்கள். குருவிக்கு எதுவுமே பிடிக்கவில்லை. மூங்கிலைப் பிடுங்கிவிட்டு இரும்பில் கோல் கம்பம் நட்டபோது அதற்குக் கோபம் தலைக்கேறியது.

"மூங்கில்னா காத்துல ஆடும், ரெண்டு வார்த்தை பேசும். நீ என்ன இப்படி வெறச்சுக்கிட்டு நிக்கற?"

"நான் புதுசுக்கா. போகப் போகப் பழகிடுவேன்," என்றது கம்பம்.

கம்பத்துக்குப் பின்னால், வழக்கமான இடத்தில், குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தது.

அன்று இறுதி ஆட்டம். ஒரு கோல் பின்தங்கியிருந்த கழகத்துக்குக் கடைசி நிமிடத்தில் பெனால்டி கிடைத்தது. கேலரியே எழுந்து நின்றது. உதைத்த பந்து நேராக முட்டைகளை நோக்கிச் சீறி வந்தது. குருவி சிறகை விரித்து அவற்றின்மேல் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

'டங்' என்று ஒரு சத்தம். பந்து கம்பத்தில் மோதித் திரும்பிப் போனது. கழகம் தோற்றது.

கலைந்த கூட்டம் கம்பத்தைத் திட்டிக்கொண்டே போனது.

"அரைச் சாண் தள்ளி நின்னிருந்தா கோல் ஆயிருக்கும்க்கா," என்று கம்பம் விசும்பியது.

குருவி முட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. நான்கும் முழுசாக இருந்தன. பிறகு கம்பத்தின் அருகில் போய் ஒட்டி நின்றுகொண்டது.

"எவன் என்ன சொன்னாலும் நீ ஒரு அங்குலம்கூட நகராத. உன்னைப் பிடுங்க யாராவது வரட்டும், கொத்தியே விரட்டுறேன்."