வெண்டலின் நாலு டீம் பேரம்

"பெரியவரே, முதல்ல உங்க வீட்டு ரேடியோவை அணைங்க! நான் பேசறது எனக்கே திரும்பிக் கேக்குது."

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மத்தியான நேரத்து ரேடியோ கூடைப்பந்து அரட்டையைக் கேட்கிறவர்களுக்கு, அதை நடத்தும் கஸ்ஸின் இந்த வசனம் மனப்பாடம். ரேடியோவை அணைத்துவிட்டுத்தான் ரேடியோவுக்குப் போன் பேச வேண்டும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். தினமும் போன் போடும் வெண்டல் பெரியவர் மண்டையில் மட்டும் ஏறவே ஏறாது.

"குறைச்சிட்டேன் கஸ் தம்பி. இன்னிக்குப் பெரிய பேரமாக் கொண்டாந்திருக்கேன். நாலு டீம் ஆளுங்களை மாத்திக்கறாங்க!"

"ஆரம்பிச்சுட்டாருய்யா!"

"நம்ம பீச்சம் டென்வர் டீமுக்குப் போறான். டென்வர் ரெண்டு பேரை போர்ட்லாண்டுக்கு அனுப்புது. போர்ட்லாண்ட் ஒருத்தனை சார்லட்டுக்குக் குடுக்குது. சார்லட்லேர்ந்து..."

"டேரியஸ் கிம்பிள் நமக்கு வர்றான். அதானே?"

"அதேதான்! டேரியஸ் கிம்பிள்!"

கஸ் தலையில் அடித்துக்கொண்டார். எத்தனை டீமைக் கலைத்துப் போட்டாலும் வெண்டல் கணக்கில் கடைசியில் கிம்பிள்தான் ஊருக்கு வந்து நிற்பான். சார்லட் டீமில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, ஆடுகிறவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கிற ஆள். அவனுக்காக, ஊரே தூக்கிவைத்துக் கொண்டாடும் பீச்சத்தைத் தாரை வார்ப்பதா?

"பீச்சம் மேட்ச்சுக்கு மேட்ச் பாயிண்டாக் குவிக்கிறான். உங்க ஆளு இந்த சீசன்ல உள்ள கால் வச்சானா பெரியவரே?"

"சான்ஸ் குடுத்தாத்தானே தம்பி!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் மார்ஜி, போதும் நிறுத்து என்று கையை ஆட்டினாள். இந்த மனிதரைப் பற்றி நேயர்களிடமிருந்து ஏகப்பட்ட புகார். கஸ்ஸுக்கும் பொறுமை போய்விட்டது. விளம்பரத்தை ஓடவிட்டு, லைனில் இருந்த வெண்டலைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப நாம பேசறது வெளியில போகாது. இன்னியோட போதும் பெரியவரே. இனிமே உங்க போனை எடுக்கவே மாட்டோம். அந்த கிம்பிள் என்ன, நீங்க பெத்த பிள்ளையா?"

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. போனில் ரேடியோ சத்தம் நின்றுபோனது.

"வெளியில வந்துட்டேன் தம்பி. என் பிள்ளை இல்ல. பக்கத்து வீட்டு லொரெட்டாவோட பிள்ளை. அவங்களுக்குப் பார்வை போயிடுச்சு. பையன் வாங்கிக் குடுத்த டிவி சும்மா கிடக்கு. ரேடியோல மேட்ச் கேப்பாங்க. ஆனா ஆடறவன் பேரைத்தானே சொல்றாங்க? நான் பேரம் பேசினாத்தான் அவன் பேரு வருது. அதான் தினம் அவங்க சமையலறையிலேர்ந்தே போன் பண்றேன்."

கஸ் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அப்போ... நான் அவனைக் கிண்டல் பண்றதெல்லாம்?"

"திட்டினாலும் எம்புள்ள பேரைச் சொல்லித்தானே திட்டறார்னு சிரிப்பாங்க." வெண்டல் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு பீச்சம்னா உசிரு தம்பி. நிஜமாவே அவனை அனுப்பிட்டாங்கன்னா நான் அழுதுடுவேன்."

விளம்பரம் முடிந்துவிட்டதாக மார்ஜி சைகை காட்டினாள். போனில் மறுபடியும் கதவுச் சத்தம், கூடவே ரேடியோ இரைச்சல்.

கஸ் மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"நேயர்களே, வெண்டல் இன்னும் லைன்லதான் இருக்கார். பெரியவரே, ரேடியோவை நல்லாச் சத்தமா வைங்க! டேரியஸ் கிம்பிள் வந்தா அவனை எந்த இடத்துல ஆட வைக்கலாம்னு இன்னிக்குப் பேசி முடிச்சிடுவோம்."